பில்டர் போடாத போட்டோ

பெண் பார்க்க வருவதற்கு முன்னால், "பில்டர் போடாத போட்டோவா ஒண்ணு அனுப்பி வெய்ங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

புவனாவின் அம்மா சாந்தாமணி முதலில் சமையல் மேடையைத்தான் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பில்டர் அங்கே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காப்பி பில்டர் ஒன்றுதான். போனில் பேசியவர் செங்கோட்டையன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம், ஊரை ஒட்டிக் கொஞ்சம் தோப்பு.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. இப்பல்லாம் போனே மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் போடுதுங்க. போன தடவ ஒரு ஊட்டுக்குப் போயி, போட்டோல பார்த்த புள்ளை எங்கன்னு நாங்க தேடிக்கிட்டு உக்காந்திருக்கறோம். அந்தப் புள்ளைதான் எங்களுக்குக் காப்பி குடுத்துட்டுப் போயிருக்குது."

சாந்தாமணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

புவனா கறுப்பு. ஜாதகத்தோடு போகிற தாளில் மாநிறம் என்று எழுதியிருந்தது. அதை எழுதும்போது வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையன்கள் நாற்பதைத் தொடுகிற வயதில் பெண் கிடைக்காமல் நிற்கிற ஜில்லா இது. அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் கால் மேல் கால் போட்டு உட்காரலாம் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். கீரணத்தத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கும் நாலைந்து பேர் வந்தார்கள். மிக்சரும் அல்வாவும் சாப்பிட்டார்கள். சுவரில் இருக்கிற புவனாவின் போட்டோவைப் பார்த்தார்கள், புவனாவைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். "சொல்லி அனுப்பறமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வாசலைத் தாண்டும் வரை ஒருத்தர் வாயிலிருந்தும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை வராது. அதுதான் புவனாவுக்கு ஆத்திரமாக இருக்கும். திட்டிவிட்டுப் போனால்கூடத் திருப்பித் திட்டலாம்.

பில்டர் என்றால் என்ன என்று அம்மாவுக்கு அவள்தான் விளக்கினாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முப்பது வயது.

"அப்ப உன்ற போனுல எடுக்கறதெல்லாம்?"

"அதுவே போட்டுக்கும்மா. நாஞ் சொல்லாமயே வெள்ளையாக்கிரும்."

"நல்லதுதான பண்ணுது."

"நவநீத்துகிட்ட எடுத்துக்கறம்மா. பிலிம்ல எடுத்தா உள்ளது உள்ளபடி விழும். யாரும் ஒண்ணும் போட முடியாது."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தைரியம் இருந்தது. அந்தத் தைரியத்துக்குக் காரணம் நவநீத் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில், மாடியில் நவநீத்தின் ஸ்டுடியோ. அப்பா சுந்தரராஜுலு பம்ப் கம்பெனி வைத்திருக்கிறார். மகன் அங்கே போய் உட்காராமல் கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறார். அது சோற்றுக்கு. அவர் ஆசைக்கு எடுப்பது இன்ப்ராரெட் பிலிம் என்று ஒன்று, கறுப்பு வெள்ளையில். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அந்த பிலிமுக்கு அது தெரியும்.

ஆபீஸ் தோழி ஒருத்தியின் கல்யாணத்தில்தான் புவனா அவரை முதலில் பார்த்தாள். மண்டபமே பந்திக்குப் போயிருந்தது. இந்த ஆள் மட்டும் உச்சி வெயிலில் ஸ்டாண்டை நிறுத்திப் புளியமரத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சாப்பிடலீங்களா?"

"சாப்பிடணுமுங்க. காலையில இருந்து இந்தக் கல்யாணத்துல ஆடாம நின்னு போஸ் குடுக்கறது இது ஒண்ணுதானுங்க. அதான் உடறதுக்கு மனசில்ல."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கூடப் போக ஆரம்பித்தாள். பேரூர் வாய்க்கால் ஓரம், சூலூர் குளத்துக் கரை, சிறுவாணி ரோட்டுத் தோப்புகள். மற்ற போட்டோக்காரர்கள் வெயில் ஏறியதும் மூட்டை கட்டுவார்கள். இவர்கள் அப்போதுதான் கிளம்புவார்கள்.

அந்த பிலிமைப் பார்த்துக்கொள்வது வீட்டில் ஒரு சீக்காளியைப் பார்த்துக்கொள்வது மாதிரி. குளிரில் வைக்க வேண்டும். ஸ்டுடியோவில் இருக்கிற சின்ன பிரிட்ஜில், மோர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு டப்பா. எடுத்த கையோடு திறக்கக் கூடாது, ஈரம் பூத்துவிடும். அதனால் முந்தின நாளே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். மற்ற பிலிமை நிழலில் நின்று கேமராவில் மாட்டிவிடலாம். இதன் நுனியில் வெளிச்சம் பட்டால் போதும், வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி சுருளுக்குள்ளே ஓடிவிடும். அதற்காக ஒரு கறுப்புப் பை. கேமராவையும் பிலிமையும் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, அதன் இரண்டு கைகளுக்குள்ளும் நம் கைகளை முழங்கை வரை விட்டு, கண்ணுக்கு வேலையில்லாமல் விரலாலேயே மாட்ட வேண்டும். நவநீத்துக்கு வேர்த்து வழியும். புவனா பேசிக்கொண்டே மாட்டிவிடுவாள். இருட்டறையில் பிரிண்ட் போடவும் அவரிடம் கற்றுக்கொண்டுவிட்டாள். சில புதுக் கேமராக்கள் இதற்கு ஆகாது. பிலிம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க உள்ளேயே கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்றை வைத்திருப்பார்கள், அதுவே பிலிமைக் கெடுத்துவிடும். போக்கஸ் வைத்த பிறகு லென்ஸில் இருக்கிற சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் தள்ள வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக லென்ஸுக்கு முன்னால் ஒரு வட்டக் கண்ணாடி. பார்த்தால் கறுப்பு. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தால் குங்குமப் பொட்டு மாதிரி தெரியும், வேறெதுவும் தெரியாது.

கழுவி எடுத்தால் வானம் கறுப்பாக இருக்கும். பச்சை ஓலை, இலை, புல் எல்லாம் உப்பில் செய்த மாதிரி வெள்ளையாக இருக்கும். மனிதத் தோல் யாருடையதானாலும் பால் மாதிரி ஆகிவிடும்.

ஆரம்பத்தில் ஒரு தடவை, அளவு பார்ப்பதற்காக நவநீத் அவளை மரத்தடியில் நிறுத்தி எடுத்தார். பிரிண்டைப் பார்த்துப் புவனா சிரித்தாள்.

"யாருங்க இந்த வெள்ளைக்காரி?"

அவர் சிரிக்கவில்லை. பிரிண்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "இனி உங்கள இந்த பிலிம்ல எடுக்க மாட்டேனுங்க. உங்க கலர் இதுல காணாமப் போயிருது. அது போச்சுன்னா நீங்களே இல்லீங்க" என்றார்.

அதுதான் அந்த வார்த்தை. முப்பது வருஷத்தில் அவளுடைய நிறத்தைக் காணவில்லையே என்று வருத்தப்பட்ட ஆள் அவர் ஒருத்தர்தான். அவர்கள் வீட்டில் தெலுங்கு, ஜாதியும் வேறு. இரண்டு வீட்டிலும் நடக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி அவள் யோசிப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். யோசிக்காமல் இருப்பதற்குத் தினமும் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து அவளே பிலிம் எடுத்தாள். இன்ப்ராரெட் டப்பாவைத் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த சாதாரண கறுப்பு வெள்ளை பிலிமை எடுத்தாள். வேகம் குறைந்தது, தோலின் நிறத்தைக் கூட்டாமல் குறைக்காமல் வாங்குவது.

"இது போதுங்களா? மாப்பிள ஊட்டுக்கு அனுப்பற போட்டோ வேணுங்க" என்றாள்.

"மாப்பிள என்ன பண்றாருங்க?"

"பெட்ஷீட் கடையாமா. சுரேந்தருன்னு பேரு. பில்டர் போடாத போட்டோ கேக்கறாங்களாமா."

நவநீத் ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார். "அவ்வளவுதான, எடுத்தரலாமுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கீரணத்தத்துக்கு வந்து எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் அப்பா தம்பிதுரையின் தோப்பு. குட்டை ரகம், நின்றபடியே காய் பறிக்கலாம். ஓலை ஆள் உயரத்துக்குத் தொங்கும். சாதாரண பிலிம் முழுதும் அங்கே முடிந்தது. புவனா அவள் பாட்டுக்கு நின்றாள், சிரித்தாள், ஒரு தடவை எறும்பு கடித்துக் காலை உதறினாள். இத்தனை நாளில் ஒரு கேமராவுக்கு முன்னால் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

கிளம்பும்போது நவநீத் இன்னொரு கேமராவை எடுத்தார். "இதுல ரெண்டு படம் மிச்சமிருக்குதுங்க. இந்த ஓலைய எடுத்து முடிச்சரலாம். சித்தெ பக்கத்துல நில்லுங்க, அளவுக்கு."

கறுப்புக் கண்ணாடியை அவர் மாட்டுவதை அவள் பார்த்தாள். அளவுக்குத்தானே என்று நின்றாள். இரண்டாவது படத்துக்கு ஸ்டாண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தினார். அதையும் பார்த்தாள். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீட்டில் கேசரி வாசம் அடித்தது. அம்மாவும் அப்பாவும் ஆர்.எஸ்.புரத்துக்குச் சேலை எடுக்கப் போனவர்கள், அப்படியே ஸ்டுடியோவில் போட்டோவையும் வாங்கி வந்திருந்தார்கள். வாங்கி, அம்மா அதைப் போனில் படம் பிடித்துச் சென்னிமலைக்கும் அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை வருகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது.

"பாரு கண்ணு. இத்தன நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இந்த மூஞ்சிய?"

பெரிய பிரிண்ட். கறுப்பு வானம். வெள்ளை ஓலை. ஓலைக்குக் கீழே கன்னமும் கழுத்தும் பளிங்கு மாதிரி, கண் மட்டும் இரண்டு கறுப்புக் குழியாக ஒருத்தி நின்றாள். புடவை புவனாவுடையது.

"இது நானில்லம்மா."

"பின்ன யாரு, பக்கத்தூட்டுக்காரியா?"

"இது பில்டர் போட்டதும்மா."

"அதெல்லாம் நாங் கேக்காம வாங்குவனா. ஏந் தம்பி, பில்டரு கில்டரு போட்டீங்களான்னு நேரடியாவே கேட்டுப்போட்டேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தொடலீங்கம்மா, பிலிம்ல விழுந்தது அப்படியேதானுங்கன்னு சொல்லுச்சு. பொய் சொல்ற மூஞ்சியா அது?"

பொய் இல்லைதான். எந்தப் போனும் போட முடியாத அளவுக்குக் கனமான பில்டர் ஒன்று, பித்தளை வளையத்தோடு, லென்ஸில் திருகி மாட்டியிருந்தது. அம்மா கேட்டது அதை அல்ல. அவர் பதில் சொன்னதும் அதற்கு அல்ல.

அப்பா தம்பிதுரை கட்டிலில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான இருக்குது அம்மணி" என்றார், டிவியைப் பார்த்தபடி.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் புவனா ஸ்கூட்டரை நேராக ஸ்டுடியோவுக்கு விட்டாள். நவநீத் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண ஆல்பத்தில் இருந்தார். திரையில் ஒரு மணப்பெண்ணின் முகம். அவர் விரல் நகர நகர அந்த முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. இவளைப் பார்த்ததும் விரலை எடுத்தார்.

"அதையும் முடிச்சுப் போடுங்க. பாவம், பாதியில நிக்குது" என்றாள்.

"உக்காருங்க."

"அந்தப் படத்த எங்கம்மாகிட்ட ஏனுங்க குடுத்தீங்க?"

"நான் ரெண்டையும் காட்டினேனுங்க. அவங்கதான் அத எடுத்துக்கிட்டாங்க."

"இன்னொண்ண எனக்குக் காட்டுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. மேஜை மேல் இருந்த கவரை அவளே எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். முழு ரோலும் தபால்தலை தபால்தலையாக அதில் அச்சாகியிருந்தது. எந்தப் படம் தேறும் என்று பார்ப்பதற்காகப் போடுகிற தாள் அது. அதில் ஒன்றைக்கூட அவர் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருக்கவில்லை.

"இதுதான் நீங்க காட்டின ரெண்டாங்க? ஒண்ணு சொவுத்துல மாட்ற அளவு, ஒண்ணு நகத்து அளவு. எங்கம்மா கண்ணாடி போட்டாலே பஸ் நம்பர் தெரியாது."

"அவங்க அந்தத் தாளப் பாத்தாங்க. ஒண்ணும் பேசலீங்க. அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கோணும். எனக்குச் சங்கடமாப் போச்சுங்க."

"எங்கம்மா அந்த மூஞ்சிய எனக்குப் பொறந்ததுல இருந்து காட்டிக்கிட்டுத்தான் இருக்கறாங்க. உங்களுக்கு ஒரு நாள் தாங்க முடியலீங்களா?"

"உங்களுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னுதானுங்க."

"முன்னாடியே நெனச்சுத்தான அந்த ரெண்டாவது படத்த எடுத்தீங்க. கிட்ட வந்தீங்களே."

கீழே சந்தில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"இந்த பிலிம்ல என்னைய எடுக்க மாட்டேன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"அது அப்ப சொன்னதுங்க. அது வேற. இது பொண்ணு பாக்கற விசயம். பாக்கறவங்களுக்குப் புடிக்கோணுமில்லீங்களா."

"உங்களுக்கு எந்தப் படம் புடிக்குதுங்க?"

நவநீத் திரையில் பாதி வெளுத்து நின்ற பெண்ணைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"என்னையக் கேட்டு என்னங்க ஆகப்போகுது."

அவ்வளவுதான். இரண்டு வருஷமாக யோசிக்காமல் இருப்பதற்குப் பட்ட சிரமமெல்லாம் வீண் என்று புவனாவுக்கு அப்போது தெரிந்தது. யோசித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மரத்தை எடுக்க வெயிலில் மணிக்கணக்கில் நிற்கிற ஆள், ஒரு வார்த்தைக்கு நிற்க மாட்டார்.

நெகட்டிவை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். பிலிமுக்குத்தான் முழு இருட்டு வேண்டும், பிரிண்ட் போடுகிற பேப்பருக்குச் சிவப்பு பல்பு எரியலாம். எறும்பு கடித்துக் காலை உதறியதற்கு அடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்து அவளே பெரிதாகப் பிரிண்ட் போட்டாள். மருந்துத் தண்ணீருக்குள் முதலில் ஓலையின் நிழல் வந்தது, பிறகு புருவம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய கறுப்பு முழுவதும் வந்தது. கன்னத்தில் ஒரு இடத்தில் வெயில் பட்டு எண்ணெய் மினுக்கு. பல் தெரியச் சிரிப்பு. இவள் நான்தான் என்று அவளுக்கு இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டால் மருந்து பட்டு எரியும் என்பதால் துடைக்கவில்லை.

வெளியே வந்தபோது நவநீத் படியருகே நின்றிருந்தார். "ஞாயித்துக்கெழம வாரீங்கள்ல?"

"பாக்கலாமுங்க" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். செங்கோட்டையன், அவர் அக்கா நாச்சியம்மாள், அக்கா மகன் சுரேந்தர். மாப்பிள்ளைக்கு முன்பக்கம் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. அதிகம் பேசாத முகம். சாந்தாமணி மிக்சர், பஜ்ஜி, அல்வா எல்லாம் வைத்தாள். புவனா காப்பியோடு வந்தாள். நாச்சியம்மாள் அவளை வாங்க கண்ணு என்று அருமையாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிறகு மடியில் இருந்த போனைத் தொட்டாள். திரையில் அந்த வெள்ளைக்காரி வந்தாள். நாச்சியம்மாள் அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போயி வர்றதுல வெயில் பட்டிருக்குமாட்ட இருக்குதுங்க" என்றாள் சாந்தாமணி, யாரும் கேட்காமலேயே.

"இருக்குமுங்க. சரவணம்பட்டி ரோட்டுல நெழலே இல்லீங்களே" என்றாள் நாச்சியம்மாள். அவ்வளவு மரியாதை அந்தக் குரலில்.

செங்கோட்டையன் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார். "மச்சான், நாங் கேக்கறன்னு தப்பா நெனைக்காதீங்க. தென்னைக்கு மருந்து அடிச்சீங்களா?"

"எதுக்குங்க?"

"வெள்ளை ஈ. போட்டோவப் பார்த்ததுமே எனக்குப் பக்குன்னு போச்சுங்க. ஓலை பூராவும் வெளுத்துக் கெடக்குது. எங்க தோப்புலயும் போன வருசம் அப்படித்தான் வந்துது. இவ்வளவு மோசமாப் பாத்ததில்லீங்க."

தம்பிதுரைக்குச் சுருக்கென்றது. பெண்ணை வேண்டாம் என்று வந்தவர்கள் போனபோதெல்லாம் வாய் திறக்காதவர், தென்னைக்குக் குறை என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "என்ற தோப்புல ஈயா? வாங்க மச்சான், நீங்களே வந்து பாருங்க."

எல்லாரும் பின்னால் போனார்கள். தோப்பு பச்சைப் பசேலென்று நின்றது. செங்கோட்டையன் ஒரு ஓலையைப் பிடித்து அடியில் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். ஒன்றுமில்லை. அடுத்த மரத்துக்குப் போனார். அங்கேயும் ஒன்றுமில்லை. அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி, படத்தில் இருக்கிற மரத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மட்டைக்கு மட்டை, குலைக்குக் குலை அதே மரம்.

"மரம் இங்க பச்சையா இருக்குது. போட்டோல வெள்ளையா இருக்குது" என்றார். அப்புறம் புவனாவைப் பார்த்தார். 

சாந்தாமணி முன்னால் வந்தாள். "போட்டோக்காரத் தம்பி பில்டர் போடலீன்னு சொல்லுச்சுங்க. சத்தியமாச் சொல்லுச்சுங்க."

"போட்டதுதானுங்க" என்றாள் புவனா. "கேமரா மூஞ்சியில ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டுவாங்க. பச்சையா இருக்கறது அதுல வெள்ளையாகிரும். தோலும் அப்படித்தானுங்க. நீங்க நின்னாலும் வெள்ளைதான் வருவீங்க. நான் இப்படித்தானுங்க இருப்பேன். இதுல இருக்கறாப்புல."

உள்ளே போய் அவள் போட்ட பிரிண்டை எடுத்து வந்து நீட்டினாள். நாச்சியம்மாள் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தாள். "இதயே அனுப்பியிருக்கலாமுங்க கண்ணு. டீசலாச்சு மிச்சமாயிருக்கும்" என்றாள், அதே மரியாதையோடு. சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுரேந்தர் மாமன் கையிலிருந்து பிரிண்டை வாங்கினான். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, படத்தைத் தன் நிழலில் வைத்துப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். நிமிர்ந்து புவனாவைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"நீங்க இருக்கறாப்புலயே இருக்குதுங்க" என்றான்.

"நானே போட்டதுங்க" என்றாள் புவனா.

"நல்லாருக்குது. இத நான் வச்சுக்கட்டுங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். நாச்சியம்மாள், நேரமாச்சு, கிளம்பலாம் என்றாள். காரில் ஏறும்போது படம் அவன் கையில்தான் இருந்தது. மடக்காமல், விரல் படாமல், இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்தான். பிரிண்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். செங்கோட்டையன் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார். "சொல்லி அனுப்பறமுங்க."

அன்று பொழுது சாய்ந்த பிறகும் அம்மா அவளோடு பேசவில்லை. பேசாமலேயே மிச்சமிருந்த பஜ்ஜியைச் சூடாக்கி அவள் தட்டில் வைத்தாள். புவனா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பசித்தது. அவன் விரல்கள் அந்த ஓரத்தைப் பிடித்திருந்த விதத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நினைக்கக் கூடாது என்று அன்றைக்கு அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை செங்கோட்டையன் அப்பாவுக்குப் போன் செய்தார். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். தென்னை அருமையான குட்டை ரகமாக இருக்கிறது, பத்துக் கன்று கிடைக்குமா என்றும் கேட்டார். அப்பா, ஆகட்டுமுங்க என்றார். சுரேந்தர் கொண்டுபோன படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிலிமை நேற்றே வெளியே எடுத்து வைத்துவிட்டேன், வருகிறீர்களா என்று நவநீத்திடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. புவனா போகவில்லை. அப்பாவோடு சேர்ந்து கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிச் சென்னிமலைக்குப் போகிற வண்டியில் ஏற்றினாள்.